கடுகு முளைத்த கோச்சிப் பெட்டி

சாமான் கோச்சிப் பெட்டி ஒன்றுக்கு, அதாவது ரயிலில் மூட்டை ஏற்றுகிற பெட்டி ஒன்றுக்கு, காயம் பட்டுவிட்டதென்று கேள்விப்பட்டு, சோற்றுக்கோப்பையில் கை கழுவிவிட்டு ஓடி வந்த மனிதர் இந்த இலங்கையிலேயே ஒருவர்தான். வேறு யாரும் இருந்தால் அவரைக் கூட்டி வாருங்கள், நான் தோற்றதாக ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆள் கொடிகாமத்தில் இருந்தார். தொழில் நொத்தாரிசு. காணி உறுதி எழுதுவார், நன்கொடை எழுதுவார், பழைய உறுதிகளுக்கு நகல் எடுத்து, அசலோடு ஒப்பிட்டு, ‘உண்மைப் பிரதி’ என்று அடியில் எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். ஆனால் ஊரில் யாரும் அவரை நொத்தாரிசு என்று சொல்வதில்லை. பெட்டியர் என்றால்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நான் கொடிகாமம் ஸ்ரேஷனில் சாமான் கிளாக்கராக வேலை பார்த்தேன். எங்கள் பக்கவழித் தண்டவாளத்தில் 318 என்று இலக்கம் போட்ட மூடின பெட்டி ஒன்று அடிக்கடி வந்து நிற்கும். நாலு சில்லு, காவி நிறம், கிழட்டு உடம்பு. காங்கேசன்துறைக்குத் தேங்காய் கொண்டுபோகும், திரும்பி வரும்போது கருவாடு கொண்டுவரும். சிலர் சண்டைக்கிடாய் வளர்ப்பார்கள், சிலர் மாட்டுவண்டிச் சவாரியில் சொத்தை அழிப்பார்கள். பெட்டியருக்கு 318. ஓர் அடிக்கு ஓர் அங்குலமாகச் சுருக்கி அதே பெட்டியை மரத்தில் செய்துகொண்டிருந்தார். அதே மாதிரிப் பெட்டி அல்ல, கவனியுங்கள். அதே பெட்டி.

முதல் நாள் நான் அவருடைய காலைத்தான் கண்டேன். முகம் பெட்டிக்குக் கீழே இருந்தது.

“ஐயா, எஞ்சின் வரப்போகுது, வெளியாலை வாங்கோ!”

“பொறும் கிளாக்கர். இஞ்சை ஒரு குமிழாணி கொஞ்சம் வலப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. அளந்திட்டு வாறன்.”

“எஞ்சின் அளக்க விடாது ஐயா!”

“நொத்தாரிசு கீழை கிடக்கிறார் எண்டு எஞ்சினுக்குச் சொல்லும்.”

சொன்னேன். என்ன செய்வது? டிரைவர் இறங்கி வந்து, தானும் குனிந்து பார்த்து, “ஓம், சரிஞ்சுதான் கிடக்கு” என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். அன்று கோச்சி பிந்தியதற்கு நான் என்ன காரணம் எழுதினேன் என்று தயவுசெய்து கேட்கவேண்டாம்.

சோற்றைவிட்டு எழும்பின கதைக்கு வருகிறேன். தேங்காய் இறக்க வந்த வண்டில் மாடு ஒன்று, என்ன கோபமோ, 318இன் கதவை முட்டிவிட்டது. தகட்டில் பள்ளம். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவன் மூத்தான். பனங்குற்றி மாதிரி உடம்பு, குழந்தைப்பிள்ளை மனசு. அவன்தான் ஓடிப்போய்ச் செய்தி சொன்னான். பெட்டியர் வந்தார். பள்ளத்தின் அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். நேரே வீட்டுக்குப் போனார். சுத்தியலை எடுத்தார். தாம் செய்த பெட்டியின் கதவில் ‘டக்’கென்று ஒரு அடி.

மனைவி பொன்னம்மா அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தார். “இஞ்சாருங்கோ, மாசக்கணக்கா மினக்கெட்டுச் செய்த கதவுக்குச் சுத்தியலாலை அடிக்கிறியளே, உங்களுக்கென்ன விசரோ?”

“அசலிலை பள்ளம் கிடக்கு.”

“அசலை மாடு முட்டிச்சுது. உந்தக் கதவை முட்டினது ஆர்?”

“நான்தான்,” என்றார் பெட்டியர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்த மனிதர் சுத்த சைவம். முட்டைக்கோது கண்டாலும் முகம் சுளிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் என்னை மூலைக்குக் கூப்பிட்டு, “கிளாக்கர், அசல் மணக்குது, நகல் மணக்கேல்லை” என்றார். எனக்கு விளங்கவில்லை. கருவாட்டு மணம்! பெட்டியின் உட்பக்கம் நான் கருவாடு தேய்த்தேன். அவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அந்த மூலைக்கு இன்னும் கொஞ்சம்” என்று தூரத்தில் நின்று மேற்பார்வை செய்தார். அன்றிலிருந்து தென்மராட்சியில் உள்ள பூனை முழுக்க நொத்தாரிசு கந்தோர் வாசலில். காணி எழுத வந்த சனம் பூனைகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போனது.

இனிக் கடுகு. அசல் பெட்டியின் இரும்புச் சட்டங்களில் வரிசை வரிசையாகத் தலை உருண்ட குமிழாணிகள். ஓர் அடிக்கு ஓர் அங்குலக் கணக்கில் அந்தக் குமிழுக்கு என்ன வைப்பது? எள்ளு வைத்துப் பார்த்தார், தட்டை. கசகசா வைத்துப் பார்த்தார், சின்னன். கடுகு வைத்தார், அச்சொட்டு! நிறமும் இரும்பு நிறம், வர்ணமே பூசத் தேவையில்லை. விளாம்பிசினில் தொட்டுத் தொட்டு ஒட்டினார். பொன்னம்மா அக்காவின் கடுகுப் போத்தில் அடி தெரிந்தது. “ஊரிலை எல்லாரும் கடுகைத் தாச்சியிலை போடுவினம். என்ரை மனிசன் கோச்சியிலை ஒட்டுறார்” என்று கிணற்றடியில் அவர் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். சிரிப்பில் பெருமைதான் அதிகம்.

தை மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வளவில் விவசாய, கைத்தொழில் கண்காட்சி நடக்கும். முதல் பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை. அது வருஷா வருஷம் நீர்வேலிக்குப் போகும். நீர்வேலியார் ஒரு வாழைக்குலையை வைக்கோல் மெத்தையில் கிடத்தி, வண்டிலில் கல்யாணப் பொம்பிளை கூட்டி வருவதுபோலக் கூட்டி வருவார்கள். கோப்பையை ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடிப் போவார்கள். எங்கள் ஊரில் நடக்கிற கண்காட்சி, எங்கள் சோறு, எங்கள் பந்தல், கோப்பை மட்டும் அவர்களுக்கு! அந்த வருஷம் கொடிகாமம் ஒரே குரலில் சொன்னது: பெட்டியரின் பெட்டி போகட்டும். பெட்டியரும் சம்மதித்தார். “அடியிலை ‘உண்மைப் பிரதி’ எண்டு எழுதி, என்ரை முத்திரை குத்தித்தான் குடுப்பன்” என்றார். காணிக்குக் கொடுக்கிற கையெழுத்தைக் கோச்சிப் பெட்டிக்கும் கொடுக்கப்போகிறார்! சந்தையில் வேறு கதையே இல்லை.

பொன்னம்மா அக்காவுக்கு நாவூறு பயம். இத்தனை சனத்தின் வாய் பட்டால் பெட்டி தாங்குமா? ஆகவே கண்காட்சிக்குச் சில நாள் முன்பே பெட்டியைச் சாக்கால் சுற்றி, கயிறு கட்டி, பெட்டியர் தம் கையாலேயே முடிச்சுக்கு அரக்கு முத்திரை வைத்துக் கந்தோர் மூலையில் வைத்தார். இனி வளவில்தான் திறப்பு. அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. பருவம் தப்பின மழை. கந்தோர் கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது ஒருவருக்கும் தெரியாது. சாக்கு நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. முத்திரை மட்டும் அசையவில்லை.

கண்காட்சி நாள். தீர்ப்புச் சொல்ல அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலிருந்து, முதலியார் பட்டம் வாங்கின பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். தலைப்பாகை, தங்க மூக்குக்கண்ணாடி, நல்ல பகிடிக்காரர். சனம் நெருக்கியது. பெட்டியர் கழுத்துவரை பூட்டின கோட்டோடு நின்று அரக்கை உடைத்தார், கயிற்றை அவிழ்த்தார், சாக்கை விலக்கினார்.

குமிழாணி எல்லாம் முளைத்திருந்தது.

நான் பகிடி விடவில்லை. சட்டம் முழுக்க வெளிறின தண்டும் சின்னஞ்சிறு இரட்டை இலையுமாக, வரிசை தப்பாமல், ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. நீர்வேலியார் பக்கத்திலிருந்து ஒருத்தன், “உது கோச்சியோ, கீரைப் பாத்தியோ?” என்று கேட்டான். வளவே குலுங்கியது. பெட்டியர் அசையவில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் முளைகளையே பார்த்தேன்.

முதலியாரும் சிரித்துவிட்டார். “என்ன நொத்தாரிசு, அசல் பெட்டியிலும் உப்பிடித்தான் முளைச்சு நிக்குதோ?”

பெட்டியர் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து மூத்தான் கத்தினான்: “ஓம் ஐயா! அசலிலும் முளைச்சுத்தான் நிக்குது!”

“அப்பிடியோ? அப்ப விதானையார் வீட்டிலை சாப்பிட்டிட்டு வந்து அதையும் பாக்கிறன்.”

முதலியார் ஊர்த் தலைவரான விதானையாரின் விருந்துக்குப் போனார். மூத்தான் என் கையைப் பிடித்து இழுத்தான். “கிளாக்கர் ஐயா, கெதியா வாங்கோ! பயறு, கீரை, புல்லு, எதெண்டாலும் பிடுங்குங்கோ!”

ஓடினோம். 318 ஒரு பாவமும் அறியாமல் பக்கவழியில் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் களிமண்ணை உருட்டி உருட்டிச் சட்டத்தில் அப்பி, பச்சையாக அகப்பட்டதையெல்லாம் நட்டார்கள். விருந்தில் பாயாசம் பரிமாறி முடிவதற்குள் ஒரு கோச்சிப் பெட்டியைத் தோட்டமாக்கின ஊர் எங்களுடையதுதான், அதை எந்தச் சபையிலும் சொல்லுவேன். அவசரத்தில் என் கையில் அகப்பட்டது பக்கத்து நாற்றுமேடையில் நின்ற கத்தரிக் கன்று. கதவில் மாடு முட்டின பள்ளத்துக்குப் பக்கத்தில் அதை அழகாக நட்டேன்.

முதலியார் வந்தார். பின்னால் கொடிகாமம், அதற்குப் பின்னால் நீர்வேலி, நடுவில் தம் பெட்டியை ஏந்திக்கொண்டு பெட்டியர். முதலியார் அசலைப் பார்த்தார், நகலைப் பார்த்தார். “அட, மெய்தான்! உப்பிடியொரு அச்சொட்டான வேலையை நான் காணேல்லை. கோப்பை உங்களுக்குத்தான் நொத்தாரிசு. சொன்னபடி ‘உண்மைப் பிரதி’ எண்டு எழுதிக் கையெழுத்தை வையுங்கோ.”

பேனாவை நான்தான் நீட்டினேன். பெட்டியர் வாங்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 318இன் கிட்டப் போனார். களிமண்ணை விரலால் தொட்டார். ஈரம். திரும்பி எங்களைப் பார்த்தார். மூத்தான் கையைப் பின்னால் ஒளித்தான். நான் ஒளிக்க மறந்துவிட்டேன். பெட்டியர் ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துக்கொண்டே வந்தார். கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“முதலியார், நகல் பிழை. என்ரை கூரை ஒழுகி, கடுகு முளைச்சுப்போட்டுது. அசல் காலமை வரைக்கும் சரியாத்தான் நிண்டது. இப்ப அதுவும் பிழைச்சுப்போட்டுது.”

“பிழையெண்டாலும் இப்ப ரண்டும் ஒண்டுபோலைதானே கிடக்கு?”

“இல்லை. என்ரையிலை முளைச்சது கடுகு. உதிலை நிக்கிறது கத்தரி.”

முதலியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூத்தானுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஐயா, கோப்பை கையுக்கை வந்திட்டுது! ஒரு கையெழுத்துத்தானே ஐயா!”

“மூத்தான், என்னட்டை இருக்கிறதே உந்த ஒரு கையெழுத்துத்தான்,” என்றார் பெட்டியர். பிறகு தம் பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முளை ஒன்றுகூட நசியாமல், மெல்ல நடந்து வீட்டுக்குப் போனார்.

கோப்பை வழக்கம்போல நீர்வேலிக்குப் போனது. ஆனால் அந்த வருஷம் அவர்கள் பாட்டுப் பாடவில்லை. குலைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுபோய் நொத்தாரிசு கந்தோர் மேசையில் வைத்து, “அடுத்த கிழமை என்ரை காணி எழுத வாறன் ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். நீர்வேலியில் நொத்தாரிசு இல்லாமலா? அதற்குப் பிறகு நீர்வேலிச் சனம் வண்டில் கட்டிக்கொண்டு கொடிகாமத்துக்கு உறுதி எழுத வரத் தொடங்கியது. எங்கள் ஊராருக்கு அன்று பின்னேரம் வரை பெட்டியரில் கோபம். அடுத்த சந்தைக்குள் கதை மாறிவிட்டது. “கோப்பை ஆருக்கு வேணும்? எங்கடை நொத்தாரிசு கத்தரிக் கண்டுக்கும் பொய் எழுதமாட்டார், தெரியுமோ?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். மூத்தானைப் பிடிக்கவே முடியாது.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. விடைபெறப் போனேன். பெட்டி மேசையில் இருந்தது. பழைய கடுகையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருந்தார். பொன்னம்மா அக்கா குசினியிலிருந்து, “இந்த முறை வறுத்துக் குடுத்தனான் தம்பி, சாகும்வரை முளையாது” என்றார். குனிந்து பார்த்தேன். சரிந்த குமிழ் சரிந்தபடி, பள்ளம் பள்ளத்தின்படி. ஆனால் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பச்சையாக என்னவோ ஒன்று. தகட்டில் வெட்டி, வர்ணம் பூசி, நெல்மணியளவு.

“ஐயா, உது பிழையெல்லே?”

“ஏன் பிழை, கிளாக்கர்? அண்டைக்கு அசலிலை அவ்விடத்திலை ஒண்டு நிண்டது. என்ரை கண்ணாலை கண்டனான். எனக்காண்டி நட்டவங்களையும் கண்டனான். கண்டதை இல்லையெண்டு எழுத ஏலுமோ?”

பெட்டியை மெல்லப் புரட்டிக் காட்டினார். அடியில் ‘உண்மைப் பிரதி’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

அந்தத் தகட்டு இலையை இன்னொருமுறை கிட்டப் பார்த்தேன். கத்தரி இலை. நான் நட்டதேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நீங்கள் நம்பாவிட்டால், ‘கண் கலங்கினது உண்மை’ என்று பெட்டியரே எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்திருப்பார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.