ஐந்தாவது அறிகுறி

மனைவியைப் புரிந்துகொள்வது என்று ஜீவராஜ் தீர்மானித்தபோது அவருக்குத் திருமணமாகிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அதுவும் அவராக எடுத்த முடிவில்லை. பாடத்திட்டத்தில் இருந்தது.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அட்டனுக்குப் போய் உளவியல் டிப்ளோமா படித்தார். பிறந்ததிலிருந்து சாகும்வரை மனித மனம் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பதுதான் பாடம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஆளைத் தேர்ந்து, மூன்று வாரம் கவனித்து, அறிக்கை எழுத வேண்டும். ஆளுக்கு விஷயம் தெரியக்கூடாது.

குழந்தைப் பருவத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை கிடைத்தது. கட்டிளமைப் பருவத்துக்கு மகள் லோஜினி. மூன்று வாரமும் அவள் போனைவிட்டு நிமிராததால் அந்த அறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்தது. அடுத்தது நடுவயது. வீட்டில் நடுவயதுக்காரர் ஒருவர்தான் இருப்பதாக ஜீவராஜ் நினைத்தார். தன்னை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

மனைவி சுலக்ஷனாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் முப்பது குழந்தைகளை அவளும் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதம்தான் மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாளராக வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. ஆறு மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும். ஜீவராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஆறு மணிக்கு நீ கிளம்பினால் ரொட்டி யார் சுடுவது, லோஜினியை யார் எழுப்புவது என்று கேட்டார். சுலக்ஷனா வாதாடவில்லை. "சரிங்க" என்றாள்.

பதினாறு வருடத்தில் அவர் பயப்பட்டிருக்க வேண்டிய ஒரே சொல் அது. அவரோ நிம்மதியாகத் தேத்தண்ணி கேட்டார்.

ஆராய்ச்சி திங்கட்கிழமை தொடங்கியது. குறிப்பு எழுதும் கொப்பிக்கு மேலே 'ஏழாம் தரம், புவியியல்' என்று எழுதி ஒளித்துவைத்தார். ஆய்வு விதிகளும் அச்சாகியிருந்த பாடப் புத்தகத்தை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டார். அதைத் தினமும் தூசு தட்டிவைப்பது சுலக்ஷனாதான்.

முதல் வாரம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். ஜீவராஜ் சோர்ந்துபோனார். இரண்டாம் வாரம் சனிக்கிழமை அவள் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்று பெருமூச்சு விட்டாள். புத்தகத்தைப் புரட்டினார். நடுவயதுத் தேக்கத்தின் முதலாவது அறிகுறி அதுதான். ஞாயிறு, அவர் அட்டனிலிருந்து திரும்பியபோது கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது. திங்கள், பருப்பில் உப்பே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, மனசு ஒட்டவில்லை என்றாள். மூன்றாவது. செவ்வாய், வீட்டுக்குப் பின்னால் நின்று தேயிலை மலையை வெறித்துப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகியது. நான்காவது. புதன், அதே இடம், அதே நேரம், அதே பார்வை. ஐந்தாவது. 'தீவிரம் கூடுகிறது' என்று எழுதி ஜீவராஜ் அடிக்கோடிட்டார். வியாழன், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே, "இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு என்னாங்க செஞ்சேன்?" என்று கேட்டாள். அது ஆறாவது, கடைசி.

ஜீவராஜுக்கு அவள் மேல் இரக்கமும், தன் மேல் கொஞ்சம் பெருமையும் உண்டாயின. கண் முன்னால் ஒரு மனம் தேங்குவதை அவர் ஒருவர்தானே பார்த்தார். பரிகாரமும் அதே பக்கத்தில் இருந்தது: வீட்டுக்கு வெளியே புதிய பொறுப்பு, வீட்டுவேலையில் குடும்பத்தாரின் பங்கு, எதிர்த்துப் பேசாதிருத்தல்.

மேல் டிவிஷனுக்குப் பதில் சொல்ல மறுநாள் கடைசி நாள். அவர் அடுப்படிக்குப் போனார்.

"அந்த வேலைக்கு நீ சரின்னு சொல்லிடு."

"வேணாங்க. ரொட்டி யாரு சுடுறது?"

"நான் சுடுறேன்."

"மாவு எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது."

"தேடிக்கிறேன்."

"லோஜினிய எழுப்பணும்."

"எழுப்புறேன். நீ போ."

சுலக்ஷனா நெடுநேரம் யோசித்தாள். அவர் இவ்வளவு கெஞ்சுவதால் பார்ப்பதாகவும், பிறகு தன்மேல் குறை சொல்லக்கூடாது என்றும் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டாள். இந்த வயதில் இப்படிப் பாதுகாப்பைத் தேடுவது இயல்பு என்று நினைத்தபடி ஜீவராஜ் எழுதிக்கொடுத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் ஆறு மணி பஸ்ஸில் போனாள். அவர் சுட்ட ரொட்டியை லோஜினி போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். ஆனால் சுலக்ஷனாவின் முகம் தெளிந்துவிட்டது. பருப்பில் உப்பு வந்தது. 'ஆள் பூரண குணம்' என்று முடித்து, ஞாயிறன்று பதினெட்டுப் பக்க அறிக்கையை விரிவுரையாளர் றுக்கையா மிஸ்ஸிடம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மிஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த ஆய்வை உண்மையிலேயே செய்தீர்களா, புத்தகத்தைப் பார்த்து எழுதினீர்களா என்று கேட்டார். எல்லாம் கண்ணால் கண்டது என்றார் ஜீவராஜ். மிஸ் புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"புத்தகத்துல இருக்கிற ஒழுங்குலயே, ஒரு நாளைக்கு ஒன்னா வந்திருக்கு சேர். சரி, அது கூட நடக்கலாம். ஆனா இத பாருங்க. நாலாவதும் அஞ்சாவதும் ஒன்னுதான். அச்சுப் பிழை, ஒரே வரி ரெண்டு தடவ விழுந்திருக்கு." அறிக்கையில் விரலை வைத்து, "உங்க ஆளு புதன்கிழமையும் போய் நின்னிருக்காங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜீவராஜ் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். வீட்டில் சுலக்ஷனா மறுநாளுக்கான சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இத நீ படிச்சியா?"

"படிச்சேங்க. நல்லா எழுதியிருக்காங்க."

"அப்ப எல்லாமே நடிப்பு."

அவள் அயனை நிமிர்த்தி வைத்தாள். "அஞ்சு வரைக்கும் நடிப்புதான். அந்தக் கடைசிக் கேள்வி நான் கல்யாணமான வருஷத்துலருந்தே கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க புத்தகத்துல பாத்த பொறகுதான் காதுல விழுந்திச்சு."

ஜீவராஜ், அடுத்த அறிக்கைக்காவது ஒழுங்காக ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்தது முதுமைதானேங்க, பாத்தேன்" என்றாள் சுலக்ஷனா. "நீங்க ஆளு தேடி அலைய வேணாம்னு கொத்மலைக்குப் போன் பண்ணிட்டேன். எங்க அம்மா செவ்வாய்க்கிழம வர்றாங்க. மூனு வாரம் பத்தாதுன்னு ஆறு மாசத்துக்குத் துணிமணி எடுத்துக்கிட்டு வர்றாங்க."