தெரியாது என்று ஒரு கையெழுத்து

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். துருவி மட்டும் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

கட்சிகளின் தேர்தல் செலவைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அவர் சரிபார்ப்பு அதிகாரி. பணம் எங்கிருந்து வந்தது, கொடுத்தது யார் என்று துருவித் துருவிக் கேட்பதே தொழில் என்பதால் அந்தப் பட்டப்பெயர். இப்போது சட்டசபை அந்தத் தொழிலுக்கே பூட்டுப் போட்டுவிட்டது. நன்கொடை கொடுத்தவர் யாரென்று அரசாங்கம் இனி கேட்கக் கூடாது, எழுதி வைக்கக் கூடாது, அரசு ஊழியர் யாரும் தெரிந்து வைத்திருக்கவும் கூடாது. 'எனக்கு எந்த நன்கொடையாளரையும் தெரியாது' என்று வெள்ளிக்கிழமைக்குள் உறுதிமொழி தராதவருக்கு வேலையும் கிடையாது, அரசுக் குடியிருப்பில் வீடும் கிடையாது.

துருவிக்கு ஒருவரைத் தெரியும். ஆளும் கட்சிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர். ஒரு போலிக் கம்பெனிக்குள் இன்னொரு போலிக் கம்பெனியாக வெங்காயம் உரிப்பது போல் உரித்து, கண்ணெல்லாம் எரிந்து, கடைசியில் அந்தப் பெயரைப் பிடித்த வாரத்தில்தான் சட்டமும் வந்தது.

இயக்குநரிடம் போனார்.

"சார், ஒரு சின்னச் சிக்கல். எனக்கு ஒரு பேரு தெரியும்."

இயக்குநர் துள்ளி எழுந்து காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க! அப்புறம் எனக்கும் தெரிஞ்சுடும். நான் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்யா!"

"தெரிஞ்சுகிட்டே தெரியாதுன்னு எழுதினா பொய் இல்லையா சார்?"

"மத்தவங்கள்லாம் போடலையா?"

"அவங்களுக்கு நிஜமாவே தெரியாது சார். வேலை பாத்திருந்தாத்தானே தெரியும்?"

இயக்குநர் இதை ரசிக்கவில்லை. "சட்ட ஆலோசகரைப் போய்ப் பாருங்க. போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க."

சட்ட ஆலோசகர் முதலில் ஒரு படிவத்தை நீட்டினார். துருவியின் பெயர், விலாசம், குடும்பம், மகள் படிக்கும் பள்ளி எல்லாம் எழுதச் சொன்னார். "ஒரு காப்பி மேலே போகும். அது வழக்கம்தான்," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சதே தப்பு. ஒரே வழிதான் இருக்கு. மறந்துடுங்க."

"எப்படி சார் மறக்கறது?"

"அது வைத்தியம். என் டிபார்ட்மென்ட் இல்லை."

அலுவலக மருத்துவரும் ஒரு படிவத்தை நீட்டினார். அதிலும் அதே விவரங்கள், அதே காப்பி. "எல்லாரும் ஞாபகசக்திக்கு மாத்திரை கேட்டு வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் மறதிக்குக் கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டு, மூளையை மந்தமாக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. கண்ணாடியை மறந்தார், வீட்டுச் சாவியை மறந்தார், இடது காலில் கறுப்புச் செருப்பும் வலது காலில் பழுப்புச் செருப்புமாக வேலைக்குப் போனார். அந்தப் பெயர் மட்டும் மண்டையில் ஆணியடித்தது போல் நின்றது.

அவர் எந்த நேரத்தில் என்ன உளறிவைப்பாரோ என்று அலுவலகமே நடுங்கியது. அவருடைய மேஜையைக் கழிவறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார். இத்தனை வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவரைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

வீட்டில் மனைவி வேறு.

"யாருங்க அது? என்கிட்ட சொல்றதுக்கென்ன? நானென்ன அரசாங்கமா?"

"உன்கிட்ட சொன்னா உங்க அக்காவுக்குப் போகும். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. தட்டு மட்டும் பேசியது, மேஜையில் 'ணங்'கென்று.

கடைசியில் வழி சொன்னவள் மகள்தான். "அப்பா, ரெண்டு பாடத்தைச் சேர்த்துப் படிச்சா எனக்கு ரெண்டுமே குழம்பிடும். நீயும் அந்தப் பேரோட வேற பேரையெல்லாம் சேர்த்து மனப்பாடம் பண்ணேன்."

தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை அவளே வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள். துருவி நடந்துகொண்டே ஒப்பித்தார், குளித்துக்கொண்டே ஒப்பித்தார். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் ஒரே கூழாகிவிட்டது. எந்தப் பெயர் கட்சிக்குப் பணம் கொடுத்தவருடையது, எந்தப் பெயர் மகளோடு படித்துக் கணக்கில் கோட்டை விடும் பையனுடையது என்று அவருக்கே பிடிபடவில்லை.

நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் தோளில் தட்டினார். மேஜை பழைய இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் உருப்படியாகக் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான். அதையும் தன் கையாலேயே தொலைத்தாகிவிட்டது.

இருந்தாலும் வீடு தங்கியது, சம்பளம் தங்கியது. மனைவிகூட, "கை கழுவிட்டு வாங்க," என்று வாய் திறந்தாள். அப்போது வாசலில் நீளமான கார் ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஒருவர் பெரிய பழக்கூடையோடு இறங்கி வந்தார். நல்ல சுபாவம், சிரித்த முகம்.

"உங்களுக்குத்தான் சார். கையெழுத்துப் போட்டதுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"யாருப்பா அனுப்பினது?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டுத் துருவி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிரைவர் கூடையை அவர் கையில் வைத்தார்.

"எங்க ஐயா பேரு உங்களுக்குத் தெரியக் கூடாதாமே சார், அதானே சட்டம்? ஆனா உங்களைப் பத்தி எல்லாத்தையும் ஐயாவே சொல்லித்தான் அனுப்பினாரு, வீட்டு விலாசம், நீங்க போடற மாத்திரை, பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரம் வரைக்கும்."