நிலைப்படி தாண்டாத ஆமை

இயேசு மரி சூசை

திருவொற்றியூர்,
20-4-1974, சனிக்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி லியோனார்ட் அவர்களுக்கு, சவரிநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் வியாகுலமும் எல்சியும் இங்கே சுகம். பெரம்பூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை வால்டரும் சுகமாயிருக்க வேண்டுமென்று அன்றாடம் ஜெபமாலையில் சேர்த்துச் சொல்லி வருகிறோம். தங்கள் கால் வீக்கம் வடிந்ததா? கொள்ளுத் தண்ணீரை விடாமல் குடிக்கவும்.

நிற்க. தங்கள் கார்டு கிடைத்தது. கார்டு என்பதால் தபால்காரர் படித்துவிட்டார், அவர் படித்ததால் தெருவே படித்துவிட்டது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது உமக்குத் தெரியாதா? மணலைக் கிளறி அந்த முட்டைகளைத் தூக்கி எறிந்து, வீட்டை மந்திரித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் தகவல் சொல்லவும். இல்லையேல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி, எனக்கு இருப்பது ஒரே பெண். மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையே நின்றுபோனால் நாளைக்கு அவள் கோயிலுக்கு எந்த முகத்தோடு போவாள்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். எந்த ஆமையும் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை.

நான் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பல் வருவதற்கு முன்பே போய் நிற்கிற பழக்கம் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. கல்யாணப் பந்தல் மே மாதம்தான் என்றாலும், அதன் அடியில் பரப்ப வேண்டிய கடற்கரை மணலைத் தபசுகால நோன்பு பிறந்தபோதே ஒரு வண்டி வரவழைத்து வாசலில் கொட்டிவிட்டேன். "கல்யாணத்துக்குள்ள இதுல தெருநாயி குடும்பமே நடத்தும்" என்றாள் வியாகுலம். நாயாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. தபசுகாலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வியாகுலத்தின் தம்பி துரை, காத்திவாக்கத்தில் கட்டுமரம் வைத்திருக்கிறானே அவன்தான், வலையில் சிக்கிய பெரிய ஆமை ஒன்றை மல்லாத்திக் கட்டி, மீன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். எங்கே இறக்கினான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். வாசலில்.

"அக்கா, கல்யாண வூட்ல வெறும் பருப்பத் துன்னுகினு கீறீங்க. இத்த ஆக்கு" என்றான்.

"இன்னிக்கு சுத்தபோசனம்டா. கறி ஆவாது."

"கடல்ல கீறது எப்டிக்கா கறியாவும்? இது மீனு."

"மீனுக்கு ஏதுடா காலு?"

"அது காலு இல்லக்கா, துடுப்பு."

இப்படி ஆரம்பித்த பேச்சில் தெரு இரண்டுபட்டது. கறிக் கட்சி ஒரு பக்கம், மீன் கட்சி ஒரு பக்கம். கடைசியில் பங்குச் சாமியாரைக் கேட்டுவிடுவது என்று முடிவாகி, அவரே குடையோடு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆமையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "தண்ணீரில் வாழ்வது மீனோடு சேரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம்" என்றார். துரை கத்தியை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஆமையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாமியார் அதைப் பார்த்தார், ஆமையும் அவரைப் பார்த்தது. "எதற்கும் சாயங்காலம் சொல்கிறேன்" என்று குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்சி பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் அல்லவா, அவள் சும்மா இருக்கவில்லை. "அது அழல மாமா. கடல் தண்ணியில கீற உப்பக் கண்ணு வழியா வெளிய தள்ளுது" என்று துரைக்கு விளக்கினாள். "உப்போ சக்கரையோ, வெட்டப் போறப்ப கண்ணு கலங்குதுல்ல, அது போதும்" என்று வியாகுலம் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

தீர்ப்பு வரும்வரை மல்லாந்தே கிடந்தால் மூச்சு முட்டுமென்று துரை ஆமையை நிமிர்த்திப் போட்டு முருங்கை மரத்தில் கட்டினான். முருங்கையை நம்பி யாராவது ஆமையைக் கட்டுவார்களா? சாயங்காலம் கோயில் மணி அடிக்கிற நேரத்தில் கிளை முறிந்தது. கிளையையும் இழுத்துக்கொண்டு அது நேராக என் கல்யாண மணல்மேல் ஏறியது. பின்னங்கால்களால் பள்ளம் பறித்தது, கொத்தனார் கரண்டியால் கலவை எடுப்பதுபோல அவ்வளவு பதமாக. பிறகு பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று முட்டையிட ஆரம்பித்தது. துரை கத்தியைக் கீழே போட்டுவிட்டான். வியாகுலம் ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து மறைவு கட்டி, "புள்ள பொறக்கற எடத்துல ஆம்பளைங்களுக்கு இன்னா வேல?" என்று எங்களைத் தெருவுக்குத் துரத்தினாள். என் சொந்த வீட்டு வாசலை விட்டு நான் தெருவில் நின்ற அழகை என்ன சொல்ல! முட்டையிட்டு முடித்து, குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து மண்ணைத் தட்டிக் கெட்டியாக்கிய பிறகு, துரையும் நானும் அதை மீன் வண்டியில் ஏற்றிக் கடலில் விட்டோம். ஆமையின் வரலாறு இவ்வளவுதான். வந்ததும் தானாக வரவில்லை, தூக்கி வந்தது. போனதும் வாசலோடு போயிற்று. புகுந்த வீடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கு எப்படிப் பொருந்தும்?

மறுநாள் துரை ஒரு கூடையோடு வந்தான். முட்டைக்கு ஆள் இருக்கிறதாம். வியாகுலம் வழிமறித்துக்கொண்டு, "டேய், எண்ணூர் முகத்துவாரத்துல நண்டு சினையா கீதுன்னா தண்ணியிலயே வுட்டுட்டு வர்றியே, ஏன்டா?" என்றாள். "அத்த புடிச்சா அடுத்த வருசம் நண்டுக்கு எங்க போறது?" என்றான் அவன். "ஆமைக்கு மட்டும் அடுத்த வருசம் வாணாமா?" அவன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு வாசல் காவலுக்கு எங்களைவிட அவன்தான் முந்திக்கொண்டு வந்தான். அப்படியானால் முட்டைகளைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாமே என்று நானும் கேட்டேன். உள்ளே கரு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துவிடும் என்றாள் எல்சி. ஆக, பந்தல் மணலை நாங்கள் பந்தோபஸ்து செய்ய வேண்டியதாயிற்று. காக்காய்க்குப் பழைய வலை, நாய்க்கு முள், கீரிக்கு வியாகுலம்.

தங்கள் தங்கை சிலுவையம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தெருவிலிருந்து அவர்கள் வந்து போவது எங்களுக்குச் சந்தோஷம்தான். தபசுகாலம் முடிந்த பாஸ்குத் திருநாளன்று துரை அக்காவுக்கென்று ஒரு சாக்கு நிறையக் களிநண்டு கொண்டுவந்திருந்தான். அதில் ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு மணல்மேட்டைப் பார்த்து ஓட, வியாகுலம் துடைப்பத்தோடு துரத்த, அந்தச் சமயத்தில்தான் தங்கள் தங்கை "இன்னா மணல் இது?" என்று வலைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள். நண்டு அவர்கள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன், துரை மன்னிப்புக் கேட்டான், நண்டு மட்டும் விடவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவர்கள் தங்களிடம் ஆமை, குடிகேடு என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கடித்தது நண்டு, சம்பந்தி. நண்டு புகுந்த வீட்டைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும் தங்கள் கார்டைப் படித்ததும் நான் மண்வெட்டியை எடுத்தேன். பெண்ணைப் பெற்றவன் வேறென்ன செய்வான்? எல்சி குறுக்கே வரவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "கெளறணும்னா கெளறுங்கப்பா. ஓலை வாசிக்கலன்னா வாசிக்காமப் போவட்டும். ஆனா ஒரு தாயி நம்பி வுட்டுட்டுப் போனதத் தூக்கி எறிஞ்ச வாசல்ல எனக்குப் பந்தல் வாணாம்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். மண்வெட்டியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே சாத்திவிட்டேன். இப்படிப்பட்ட பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு எவ்வளவு பெருமையோ, அவ்வளவு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சுகள் தாமாகவே வெளியேறிவிடும். அதுவரை பொறுத்து, நாளைக்கு ஓலை வாசிக்கவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை வால்டருக்கும் இந்த விவகாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் வீட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்தது நிச்சயதார்த்தத்தன்று மட்டும்தான். சந்தேகப்பட்டு அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு வியாகுலத்தின் விசாரிப்பு. சிலுவையம்மாளின் கட்டைவிரலுக்கு எங்கள் ஜெபம். சகல அர்ச்சியசிஷ்டவர்களும் தங்கள் குடும்பத்தைக் காத்துத் தங்கள் மனத்தை இளக்குவார்களாக.

இப்படிக்கு, தங்கள் பதிலுக்காக வாசலிலேயே காத்திருக்கும்,
சவரிநாதன்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை காலை. இதை நேற்றே துரையிடம் கொடுத்தனுப்ப இருந்தேன். அதற்குள் பின்வருமாறு நடந்துவிட்டது.

விளக்கு வைத்து, கதவைத் திறந்து போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பாதி ஜெபமாலையில் என் காலை ஏதோ பிறாண்டியது. குனிந்து பார்த்தால் ஆமைக்குஞ்சு! திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து மாதா பீடம் வரைக்கும் ஆமைக்குஞ்சு! பொரிந்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கமாக ஓடுமாம். இருட்டில் கடல்தான் பளபளக்கும் என்பது அதற்குத் தெரிந்த கணக்கு. இந்தக் காலத்துக் கம்பெனி விளக்குகளும் மாதா விளக்கும் அதற்குத் தெரியாது. மணல் சரிந்து வாசற்படியோடு ஒட்டிக் கிடந்ததால் ஏறி வரச் சிரமமே இல்லை. ஆகையால், எந்த ஆமையும் நிலைப்படியைத் தாண்டவில்லை என்று மேலே எழுதியதைத் தாங்கள் அடித்துவிடவும். தாண்டாத ஆமைதான் எதுவும் இல்லை.

"மாமா, வெளக்க அணைங்க!" என்று முதலில் கத்தியது மாப்பிள்ளை வால்டர்தான். ஆம், அவரும் எங்களோடு ஜெபமாலையில் முழந்தாளில் இருந்தார். சனிக்கிழமைதோறும் ஓவர்டைம் என்று தங்களிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் இங்கேதான் வருகிறார். ஆனால் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்று நான் எழுதியது உண்மை. மற்ற நேரமெல்லாம் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் கள்ளிப்பெட்டிமேல் அவர், அந்தப் பக்கம் எல்சி. நடுவில் முட்டைகள்.

இருட்டிலேயே முறத்திலும் கூடையிலும் பொறுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் விட்டோம். கடைசிக் குஞ்சு அலையில் புரண்டு, மல்லாந்து, மறுபடி நிமிர்ந்து நீந்திப் போனபோது எல்சி அழுதாள். என்னம்மா என்றேன். "உப்பு வெளிய போவுதுப்பா" என்றாள். எனக்கும் கொஞ்சம் போயிற்று.

அது கடைசிக் குஞ்சு அல்ல என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. ஒரு குஞ்சு கதவோரத்தில் இருந்த வால்டரின் சாப்பாட்டுப் பைக்குள் இறங்குவதைப் பார்த்ததாகவும், விளக்கை அணைக்கிற அவசரத்தில் மறந்துவிட்டதாகவும் வியாகுலம் இப்போது சொல்கிறாள். மாப்பிள்ளை நேற்றே பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பை இந்நேரம் தங்கள் வீட்டுக்குள் இருக்கும். நிலைப்படிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தாங்களே பார்த்துக்கொள்ளவும்.

குஞ்சைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டாம், ஈரத் துணியில் வைத்து வெயில் படாமல் கொண்டுவரச் சொல்கிறாள் எல்சி. துரை முதல் பஸ்ஸில் இதைக் கொண்டுவருகிறான். அவனோடு தாங்களும் வந்து, தங்கள் கையாலேயே அதைக் கடலில் விட வேண்டும். வருவதற்கு முன் சாமியாரிடம் ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆமை புகுந்த வீட்டுக்கு எங்களைத் தவிர வேறு யார் பெண் கொடுப்பார்கள், சம்பந்தி?