இரு வீட்டாரும் என் ரத்தமும்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் ரத்தம் மட்டும் வழக்கம்போல. அங்கு உங்கள் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம் என்று நம்புகிறேன்.

என் தலசீமியா என்ற ரத்தநோய் அப்பா வீட்டுச் சரக்கு என்று நீங்களும், அம்மா வீட்டுச் சீர் என்று அப்பாவோடு பிறந்த அத்தையும் இருபத்தாறு வருடமாக வழக்காடுகிறீர்கள். மூன்று வாரத்துக்கொரு முறை, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம் எனக்குள் ஏறும்போதும் கட்டிலின் இருபுறமும் விசாரணை நடக்கும். திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. "ரெண்டு பக்கத்துலேருந்தும் பழுதான மரபணு ஒண்ணு ஒண்ணு வந்தாத்தான் இந்த நோயே" என்றார் டாக்டரம்மா. முன்பும் சொல்லியிருப்பார்கள், யார் கேட்டது? இப்போது புது சிகிச்சை ஒன்று இருக்கிறதாம்; என் செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, திரும்ப எனக்கே ஏற்றுவார்களாம். அத்தை விடவில்லை. "திருத்துறதுதான் திருத்துறீங்க, அப்படியே அவங்கம்மா வீட்டுப் பிடிவாதத்தையும் நறுக்கிவிட்ருங்க டாக்டர்." உடனே அம்மா, "அப்போ அந்த மூக்கையும் பாருங்க, அது எங்க வீட்டுது இல்ல." அப்பா மூக்கைத் தடவிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒரே ஒரு இடம்தாம்மா. அதுவும் ரத்தத்துக்கு மட்டும். நாளைக்கு இவங்க பிள்ளைக்குத் திருத்தாத பழைய மரபணுதான் போகும். செல்லை ஏத்துறதுக்கு முன்னாடி கொடுக்கிற கடுமையான மருந்துல பிள்ளையே இல்லாமலும் போகலாம்."

அம்மா என் கையைப் பிடித்தாள். மறு கையை அத்தை பிடித்தாள்.

"இருபது வருஷம் கழிச்சு நான் எப்படி இருப்பேன்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. இதைச் செஞ்சுக்கிட்டு இருபது வருஷம் ஆனவங்க இன்னும் யாருமே இல்ல."

ஆகவே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டேன். தெரிந்த நோயோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்டது. அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என் முடிவு இது. எந்த வீட்டுப் பிடிவாதம் என்று தயவுசெய்து ஆராய வேண்டாம்.

பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு என் முத்தங்களும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: நேற்றிரவு உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். "இருபது வருஷம் கழிச்சு" என்று நானா கேட்டேன்? இதுவரை அடுத்த ரத்தம் ஏற்றும் நாளுக்கு அப்பால் எதையும் நான் கேட்டதே இல்லை, மாமா. வேண்டாமென்ற முடிவை மாற்றிக்கொண்டு, இன்று காலை போய்ச் சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். சாட்சிக்கான இடம் காலியாக இருக்கிறது. அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அங்கே அம்மாவும் அத்தையும் பேனாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.