இரண்டு வாய்க்கு ஒரே பேனா

அன்பும் கண்டிப்பும் சரிபாதி கலந்த என் அக்கா மியோங்ஜா அவர்களுக்கு,

தம்பி மா கியோங்தே தலைதாழ்த்தி எழுதுவது. தேகு நகரில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் மலையேற இடம் கொடுக்கிறதா? நீ அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. இந்த வருடத்துக் கிம்ச்சி ஊறுகாய் முழுவதையும் என் மனைவி அதிலேயே போட்டுவிட்டாள். முதல் வாய் வைத்ததுமே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அதற்கு வேறு காரணம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்த வேறு காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீ அவளுக்குப் போன் செய்து, "அவன் என்னடி பண்ணித் தொலைச்சான், பார்க்கிங் ஆபீசுக்குத் தூக்கி அடிச்சிருக்காங்களாமே?" என்று கேட்டாயாம். அக்கா, நான் எதையும் கையாடவில்லை. யார்மேலும் கை ஓங்கவில்லை. எழுதினேன். கொஞ்சம் நன்றாக எழுதிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் பல்கலைக்கழகத் தலைவர் பியோவுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். அவர் கான்கிரீட் ஆராய்ச்சியில் பெரிய ஆள். பேச்சும் கான்கிரீட்டைப் போலத்தான், ஒருமுறை ஊற்றினால் போதும், கிளறக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவே மாட்டார். மேடையில் பேச்சுத் தாள் உள்ள நீல உறையைத் திறந்துதான் தாம் என்ன நினைக்கிறோம் என்பதையே தெரிந்துகொள்வார். பெரிய எழுத்தில் அடித்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடும், தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டு சாய்கோடும் போட்டுக் கொடுப்பேன். நிமிரும்போதெல்லாம் அரங்கின் இடது மூலையில் உள்ள கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மனிதர் முகங்களைப் பார்த்தால் அவருக்கு வரி தப்பிவிடும். கீழே இருந்து பார்த்தால் எதிர்காலத்தை உற்று நோக்குவது போலவே இருக்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுத் துறையை மூடிவிடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள், அதில் பிரெஞ்சு படிக்க யார் வருவார்கள்? மிச்சம் இருந்தது இரண்டே மாணவர்கள், ஒரே பேராசிரியை. நிறுவன நாள் விழாவில் தலைவர் அதை நாசூக்காக அறிவிக்க வேண்டும், நாசூக்கு என் பொறுப்பு. பதிலுக்கு அந்தப் பேராசிரியைக்கும் சில நிமிடங்கள் கொடுப்பதாக ஏற்பாடு. அவர் பெயர் யோம் மிசுக். ஞாயிறுதோறும் என் மனைவியோடு மலையேறுகிறவர். ஒரு சனிக்கிழமை பேரிக்காய்ப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"மா சார், எனக்கு பிரெஞ்சுல நல்லாவே சண்டை போடத் தெரியும். நம்ம மொழியில மேடை ஏறினா வணக்கம் சொல்லிட்டு அழுதுடுவேன். அந்த ரெண்டு புள்ளைங்களும் பட்டம் வாங்கற வரைக்கும் துறை இருக்கணும். அதை மட்டும் கேக்கணும். நீங்க எழுதிக் குடுங்க" என்றார்.

"மேடம், அந்தப் பக்கத்துக்கு எழுதறதே நான்தானே" என்றேன்.

"அதனாலதான் வந்தேன். அவர் என்ன சொல்லப் போறார்னு அவருக்கே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

நான் மறுப்பாகத் தலையாட்டினேன். பேரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே, "எழுதிக் குடுங்களேன். இத்தனை வருஷமா அந்த மனுஷனுக்கு எழுதறீங்க, உங்களுக்கு என்ன தோணுதுன்னு ஒருநாள் கேட்டிருக்காரா?" என்றாள். அவர் கேட்கவில்லை என்பது பெரிய விஷயமில்லை அக்கா. நானே என்னைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சமையல்காரனுக்குப் பசி மறந்துபோவது போல எனக்கு அபிப்பிராயம் மறந்துபோயிருந்தது.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். பகலில் அலுவலகத்தில் துறையை மூடுவேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து திறப்பேன். பகல்காரன் "மரம் பிழைக்க வேண்டுமானால் இலை உதிரத்தான் வேண்டும்" என்று எழுதினால், சாயங்காலக்காரன் "உதிர்வது இலையா கிளையா என்று பார்த்து வெட்டுங்கள்" என்பான். மறுநாள் காலையில் அதைப் படித்துப் பகல்காரனுக்குக் கோபம் வரும். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. தன்னோடு தானே சதுரங்கம் ஆடுகிறவன் எந்தக் காய்க்காகக் கவலைப்படுவான்? அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் யோம் அம்மாவின் தாளில், "இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு காலி வகுப்பு அல்ல" என்று ஒரு வரி வந்து விழுந்தது. பேனாவை வைத்துவிட்டேன். அது தலைவர் வரி இல்லை, அந்த அம்மா வரியும் இல்லை. ரொம்ப காலம் கழித்து நான் நினைத்ததை நான் எழுதியிருந்தேன், அதுவும் இன்னொருவர் பெயரில். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. ஒரு பேரிக்காய் தின்றேன்.

விழா நாளன்று தேசிய கீதம், பூவளையம், கௌரவ விருந்தினர் அறிமுகம் எல்லாம் முடிந்து தலைவர் எழுந்தார். வளாகத்துப் பின்மலையில் பழுத்து நிற்கும் சீமைப் பனிச்சை மரத்திலிருந்து ஆரம்பித்து, சொன்ன இடத்தில் மூச்சு விட்டு, சொன்ன இடத்தில் கடிகாரத்தைப் பார்த்து, துறையை அழகாகப் புதைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்து யோம் அம்மா. அவரும் பின்மலையின் சீமைப் பனிச்சை மரத்திலிருந்துதான் ஆரம்பித்தார். என்ன செய்வது, ஒரு பேச்சை ஆரம்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதே இடைவெளியில் மூச்சு. சாய்கோடு இரண்டு வந்ததும் சட்டென்று தலை நிமிர்ந்து இடது மூலைக் கடிகாரம். பழக்க தோஷத்தில் அந்தக் குறிப்பையும் முதல் தாளின் மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த செயலகத் தலைவர் சொக் என் விலாவில் இடித்தார். "யோவ் மா, அந்தம்மா ஏன்யா கடிகாரத்தையே பாக்குது?" நேரம் ஆகிறது என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்றேன். "தலைவரும் அங்கதானேய்யா பாத்தாரு?" என்றார். நான் பூவளையத்து ரிப்பனில் உள்ள, வாழ்த்து அனுப்பியவர்களின் பெயர்களை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன். மேடையில் தலைவர் வாய் லேசாகத் திறந்தபடி யோம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேர் வகுப்பு வரி வந்தபோது அரங்கம் கைதட்டியது. எங்கள் அரங்கில் பேச்சு முடிவதற்குமுன் கைதட்டல் கேட்டது அதுதான் முதல்முறை.

விழா முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். சொக்கும் அங்கே நின்றிருந்தார். தலைவர் தாமே எனக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"கேட்டியாய்யா மா? அப்படியே நான் பேசற மாதிரியே இருந்துச்சு. என் மனசுல இருக்கறதை எடுத்துப் பேசுது அந்தம்மா. நீயும் இத்தனை வருஷமா எழுதறே. ஒருநாளாவது என் குரல் அந்த அளவுக்கு வந்திருக்கா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு வெறும் ஏமாற்று வேலை ஆகியிருக்கும், மறுநாளே துறைக்குப் பூட்டு. அதனால், "இல்லீங்க ஐயா" என்றேன். சொக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

இனிமேல் தமக்குப் பேச்சு எழுத வேண்டியது யோம் அம்மாதான் என்று தலைவர் அங்கேயே முடிவு செய்து, ஆள் அனுப்பி வரவழைத்தார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. "எழுதறேங்க ஐயா. ஆனா என் துறை இருந்தாத்தானே நான் இங்க இருப்பேன்?" என்றார் பணிவாக. இரண்டு மாணவர்களும் பட்டம் வாங்கும்வரை துறையை மூடுவது தள்ளிவைக்கப்பட்டது. எனக்குக் காலியாக இருந்த நாற்காலி பார்க்கிங் ஆபீசில் கிடைத்தது.

வருத்தப்படாதே அக்கா. இங்கே நிம்மதியாக இருக்கிறேன். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருகிறவனுக்கு யாரும் பேச்சு எழுதித் தர வேண்டியதில்லை. மூச்சு விடும் இடம், நிமிரும் இடம் எதுவும் இல்லாமல் நேராக என் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறான். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. யோம் அம்மா வந்து வருட முடிவு உரையை நான்தான் எழுத வேண்டும் என்று கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் வாய்க்கு எழுதுவது முடிந்த கதை, நீங்களே எழுதுங்கள் மேடம், உங்கள் துறை உங்கள் கையில் என்றேன். அத்தானிடம் சொல், மச்சான் கடைசியில் முதுகெலும்போடு ஒரு காரியம் செய்தான் என்று சந்தோஷப்படுவார்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், உன் பிள்ளைகளுக்கு ஆசியும். குளிருக்குக் காதை மூடிக்கொள். வரும் வருடம் உங்கள் வீட்டு அடுப்பும் மனசும் சூடாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பார்க்கிங் ஆபீஸ்காரன் ஆகிவிட்ட உன் தம்பி
கியோங்தே

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் நேற்று சொக் வந்து ஒரு சேதி சொன்னார். வருட முடிவு உரையை யோம் அம்மா தாமே எழுதியிருக்கிறார். தலைவர் அதை மேடையில் படித்து முடித்துவிட்டு, "இதுல என் குரல் இல்லையே, அடுத்ததும் இப்படித்தான்னா எல்லாத்தையும் மறுபடி யோசிக்கணும்" என்றாராம். ஆகவே ராத்திரி நான் உட்கார்ந்து எழுதிய புத்தாண்டு உரை இன்று காலையில் யோம் அம்மா கைக்குப் போய்விட்டது. பார்க்கிங் ஆபீசில் கணப்பு நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் ஊர் மலைமேல் இருக்கும் கல்தொப்பிப் புத்தரிடம் வேண்டுதலுக்குப் போகும்போது, அந்த இரண்டு பிள்ளைகளும் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்று வேண்டிக்கொள். ஆனால் சீக்கிரம் தேற வேண்டும் என்று கேட்காதே. இப்போதெல்லாம் நான் நினைப்பதைத்தான் எழுதுகிறேன். அதைத் தலைவர் தம்முடைய எண்ணம் என்று நினைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, உரக்கப் படிக்கப் போகிறார்.