பொழுது சாய்ந்தபின் ஒரு மாத்திரை

சித்தாமூர் பார்சுவநாதரை வணங்கி, செஞ்சிக் கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்திவரும் தம்பி ஜெயபாலுக்கு அக்கா சந்தனா எழுதுவது. அங்கே நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமாக இல்லை. இடது கையில் ஊசியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன். போன் செய்தால் "கடையில கூட்டங்க்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

சித்திரையில் நீர்க்கடுப்பு என்று உன்னிடம் வந்தேன். "இன்னாக்கா, இதுக்கெல்லாமா டாக்டராண்ட போவாங்க? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று ஒரு மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுத்தாய். கடுப்பு போனது. வைகாசியில் திரும்பி வந்தது, வேறு நிறத்தில் கொடுத்தாய். ஆடியில் வந்தது, இன்னும் பெரிதாகக் கொடுத்தாய், தொண்டையில் சிக்கியபோது உன்னைத்தான் நினைத்தேன். இப்போது குளிர்காய்ச்சல் கண்டு இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சிறுநீரைச் சோதித்த டாக்டர் ஷோபனா மாத்திரைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, "இது கேக்காது, இதுவும் கேக்காது" என்று சொல்லிக்கொண்டே போனாள். பிறகு, "ராத்திரி மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களாம்மா?" என்றாள். "பொழுது சாஞ்சா தண்ணிகூட வாயில வைக்கமாட்டோம்மா, நாங்க ஜைனரு" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பாதி மருந்துல சோப்ளாங்கிக் கிருமிதான் செத்துருக்கும். மிச்சமெல்லாம் தேறிடுச்சு. இனி ஊசிதான்."

ஜெயபால், நீயும் அதே வீட்டில், வெளிச்சத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே? அக்காவுக்கே ராத்திரி மாத்திரை விற்றாயே. கிருமிக்கும் உயிர் உண்டென்று சும்மா விட்டிருந்தாலாவது புண்ணியம். நாம் செய்தது அகிம்சையும் ஆகவில்லை, வைத்தியமும் ஆகவில்லை. மிஞ்சிய ராத்திரி மாத்திரைகளை வீணாக்காமல் எதிர்வீட்டு ராஜம்மாளின் இருமலுக்கும் பால்காரர் தங்கராஜின் பல்வலிக்கும் கொடுத்து, ஔஷத தானம் என்று புண்ணியத்தில் எழுதி வைத்திருந்தேன். இப்போது பாவத்துக்கு மாற்றிவிட்டேன், பாதி உன் பேரில்.

நான் கிடக்கட்டும். என் மகள் அனந்திக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கும் முந்தாநாள் கடுப்பு கண்டிருக்கிறது. அவள் உன் கடைக்கு வந்தால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே. சோதிக்காமல் எதுவும் கூடாது, குழந்தைக்கே ஆபத்து என்கிறாள் டாக்டர்.

உன் குடும்பம் தழைத்து, கடை செழித்து, நீ நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சந்தனா

பி.கு.: உறையை ஒட்டும்போது அனந்தி வந்தாள். "மாமா நேத்தே குடுத்துட்டாரும்மா, ரெண்டு வேளைல நின்னுடுச்சு. நல்ல கைராசி" என்கிறாள். எனக்கும் சித்திரையில் நின்றுதான் போனது. அவளை இப்போதே டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். நீயும் கடையைச் சாத்திவிட்டு வந்து, என்ன மாத்திரை கொடுத்தாய் என்று அந்த அம்மாளிடம் உன் வாயால் சொல். அதுவரை மேலே உள்ள ஆசீர்வாதத்தை அடித்துவிட்டுப் படி.