குமாஸ்தா கற்ற வலைப்பின்னல்

"நூலை ஆள்காட்டி விரல்ல ஒரு சுத்து சுத்திக்குங்க," என்றார் டீச்சரம்மா.

குமாஸ்தா விரலை நீட்டினார். டீச்சரம்மா அதில் ரோஸ் நிற நூலைச் சுற்றிவிட்டு, வலது கையில் ஒரு கொக்கி ஊசியையும் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். குமாஸ்தா நீட்டிய விரலை இறக்காமல், கம்ப்யூட்டர் எங்கேயாவது தென்படுகிறதா என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுகள் இருந்தன. கரும்பலகை இருந்தது. மூலையில் எந்த நாடகத்திலோ நடித்து ஓய்ந்த அட்டைக் குதிரை ஒன்றுகூட இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

எல்லாம் மேனேஜரால் வந்த வினை.

பம்பு உதிரி பாகங்கள் விற்கும் அந்த ஆபீசின் மேனேஜருக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் தூக்கல். பைலைக் கோப்பு என்பார், டீயைத் தேநீர் என்பார், பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் ஈருருளி என்றுதான் திட்டுவார். போன வாரம் அவர் குமாஸ்தாவை அறைக்குள் கூப்பிட்டு, "நம்ம கணினிகளை எல்லாம் வலைப்பின்னல்ல இணைக்கப் போறோம். அதைப் பாத்துக்க ஓர் ஆள் வேணும். நீங்க போய்க் கத்துக்கிட்டு வந்தா இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா கிடங்குதான்," என்றார்.

கிடங்கு என்றால் ஊருக்கு வெளியே இருக்கிற தகரக் கொட்டகை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே போனவர் யாரும் ஆபீசுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. குமாஸ்தாவுக்கு ஜன்னலோர நாற்காலி, தலைக்கு மேலே சத்தம் போடாத மின்விசிறி, நடக்கிற தூரத்தில் வீடு என்று எல்லாம் அமைந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு எலிகளோடு குடித்தனம் நடத்த அவர் தயாராக இல்லை. அதனால்தான் சமுதாயக் கூடத்து வாசலில் 'வலைப்பின்னல் பயிற்சி, சனிக்கிழமைதோறும், மாடி அறை, அனைவரும் வருக' என்ற பலகையைப் பார்த்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்.

வந்து பார்த்தால் ரோஸ் நூல்.

இடம் மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் குமாஸ்தா, வழி கேட்கக் கூச்சப்பட்டு ஊரையே சுற்றி வருகிற ரகம். போதாததற்கு டீச்சரம்மா, "ஆம்பளைங்களும் ஆர்வமா வந்திருக்கீங்க, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா," என்று வேறு சொல்லிவிட்டார். இதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருப்பது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தார். குமாஸ்தாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் சட்டையைத் துவைக்க எடுத்தாள்.

"பாக்கெட்ல என்னங்க ரோஸ் நூலு?"

"அதுவா... வலைப்பின்னல் வகுப்புல குடுத்தாங்க. முதல்ல நூல்ல பழக்கிட்டு, அப்புறம்தான் ஒயரைக் கையில தருவாங்களாம்."

"அதுவும் நல்லதுதான். ஷாக் அடிக்காது பாருங்க," என்றாள் மனைவி. அன்று மாலைக்குள் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"என்ன கத்துக்கிட்டீங்க?"

மேனேஜர் முறைத்துப் பார்த்தால் குமாஸ்தாவுக்குப் பொய் வராது. அது அவருடைய பெரிய பலவீனம். "முதல்ல முடிச்சு போடணும் சார்," என்றார். "அப்புறம் கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோட சேந்து நிக்கணும். நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு தெளிவா யாரும் எனக்கு விளக்கினதில்லை. அதுவும் ஒரு ஆங்கிலச் சொல் கலக்காம," என்றவர், மொத்த ஆபீசையும் கூப்பிட்டு நிறுத்தி, குமாஸ்தாவை இன்னொரு தரம் சொல்ல வைத்தார். கேஷியர் அதைக் குறித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் குமாஸ்தாவின் மேஜை மேல் 'வலைப்பின்னல் பொறுப்பாளர்' என்று ஒரு பலகை வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டே தீர்வது என்று முடிவு கட்டிக்கொண்டு குமாஸ்தா வகுப்புக்குப் போனார்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

அறையில் இருந்த எல்லாரும் ஊசியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"இந்த வலைப்பின்னல்ல... அடுத்த கட்டம் எப்போ வரும்?"

"அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் ரெட்டைக் கண்ணி," என்றார் டீச்சரம்மா.

குமாஸ்தா தன் மேலேயே எரிச்சலோடு உட்கார்ந்தார். டீச்சரம்மாவிடம்தான் முடியவில்லை, மீசைக்காரரிடமாவது விசாரிப்போம் என்று மெல்ல அவர் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க எதுக்கு சார் இதைக் கத்துக்கிறீங்க?"

"சும்மாதான்," என்றார் மீசைக்காரர், ஊசியைப் பார்த்தபடி. "நீங்க?"

"நானும் சும்மாதான்."

இருவரும் அவரவர் கண்ணிக்குத் திரும்பினார்கள்.

இதில் குமாஸ்தாவுக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வகுப்பு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வாரம் முழுவதும் யாராவது அவரை எதற்காவது விரட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே யாரும் விரட்டவில்லை. கீழே பாட்டு வகுப்பு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும், ஜன்னல் வழியாகக் காற்று வரும், விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்யும். அவர் பின்னிய ரோஸ் சதுரத்தை டீச்சரம்மா தூக்கிக் காட்டி, "பாருங்க, ஒரு கண்ணி தப்பலை," என்று சொன்னபோது அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கிடங்குக்குப் போகப் போகிறவனுக்கு இந்தச் சந்தோஷம் ஒரு கேடா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டிவிட்டு, மறுபடி பின்னினார்.

இதற்கிடையில் ஆபீசுக்கு ஒயர்கள் வந்து இறங்கின. கட்டுக்கட்டாக, நீல நிறத்தில்.

"ம், ஆரம்பிங்க," என்றார் மேனேஜர்.

எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. ஆனால் மொத்த ஆபீசும் சுற்றி நின்று பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒற்றைக் கண்ணியில் தொடங்கி, ரெட்டைக் கண்ணிக்கு மாறி, ஓரத்தில் கொஞ்சம் பூவேலையும் வைத்து, நீல ஒயரைச் சுவரோரமாக அழகாகப் பின்னி முடித்தார். நுனிகள் எந்தெந்த ஓட்டையில் நுழைந்தனவோ அந்தந்த ஓட்டையில் செருகினார்.

"என்ன நேர்த்தி," என்றார் கேஷியர், தடவிப் பார்த்து.

ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை. முன்பு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பிரிண்டரும் இப்போது நின்றுவிட்டது.

"ஏன் ஓடலை?" என்றார் மேனேஜர்.

"புதுப் பின்னல் சார். கொஞ்ச நாள் தொங்கினாத்தான் கண்ணி இறுகும்."

கொஞ்ச நாள் தொங்கியது. கண்ணி இறுகியது. பிரிண்டர் அசையவில்லை. பில்களை எல்லாம் கையால் எழுத வேண்டியதாயிற்று. கையால் எழுதுவதையே மறந்துபோன டைப்பிஸ்ட், குமாஸ்தாவைப் பார்த்தால் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு போக ஆரம்பித்தாள். சரி, பின்னலைப் பிரித்துப் பழையபடி விட்டுவிடலாம் என்று குமாஸ்தா மதிய இடைவேளையில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். அவர் போட்ட முடிச்சு லேசில் அவிழ்கிற முடிச்சா? மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர்தான் நகர்ந்து வந்தது.

கடைசியில் மேனேஜர் பொறுமை இழந்தார்.

"சமுதாயக் கூடத்துல வர்ற சனிக்கிழமை கலைவிழாவாம். எல்லா வகுப்பும் அவங்கவங்க வேலையைக் காட்சிக்கு வைக்கப் போறாங்களாம். நானே வந்து உங்க ஆசிரியரைப் பாக்கறேன். அவர் வந்து இதை ஓட வெச்சா நீங்க பிழைச்சீங்க. இல்லேன்னா திங்கட்கிழமை கிடங்கு."

குமாஸ்தா முழி பிதுங்கி டீச்சரம்மாவிடம் ஓடினார்.

"டீச்சரம்மா, என் சதுரத்தை மட்டும் காட்சிக்கு வைக்காதீங்க. எங்க மேனேஜர் வர்றார்."

"மேனேஜரா? அப்ப நல்லாத் தெரியற மாதிரி வைக்க வேண்டாமா?" என்றார் டீச்சரம்மா.

விழா அன்று குமாஸ்தா படியேறி வந்தபோது, எல்லாருடைய சதுரங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பெரிய போர்வை ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. நட்ட நடுவில் அவருடைய ரோஸ் சதுரம். அதன் கீழே ஓர் அட்டையில் 'பம்பு ஆபீஸ் ஐயா அவர்கள்' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. மீசைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அதை முடித்துக்கொண்டிருந்தார்.

கீழே ஓவிய வகுப்பின் படங்களையும், மண்பாண்ட வகுப்பின் கோணல் ஜாடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேனேஜர் மேலே வந்தார். அவருக்குப் பின்னால் குமாஸ்தாவின் மனைவி, எதிர்வீடு, பக்கத்து வீடு. குமாஸ்தாவுக்கு அந்த அட்டைக் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

மேனேஜர் போர்வையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அட்டையை வாசித்தார்.

"இது என்ன?"

"வலைப்பின்னல் சார்," என்றார் குமாஸ்தா.

"கணினி எங்கே?"

குமாஸ்தா தன் சதுரத்தின் ஓரத்தை நீவிவிட்டார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில், ரோஸ் நூலின் கதை அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது தெரிந்தது.

"கீழ கூடத்துப் பொறுப்பாளரை விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்," என்றார் மேனேஜர். "இந்த அறையில, சனிக்கிழமையில, கணினி வலைப்பின்னல் வகுப்புதான் நடக்குதுன்னு அவர் அடிச்சுச் சொல்றார். அதுக்கு ஒரு ஆசிரியரையும் போட்டிருக்காங்களாம். அம்மா, அப்ப நீங்க யாரு?"

டீச்சரம்மாவின் கையிலிருந்து நூல்கண்டு நழுவித் தரையில் உருண்டது.

"நானும் கம்ப்யூட்டர் கத்துக்கத்தான் சார் வந்தேன்," என்றார் மெல்ல. "முதல் நாள் மாஸ்டர் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு, பையில இருந்த நூலை எடுத்துப் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தேன். இவங்க ஒவ்வொருத்தரா வந்து 'வணக்கம் டீச்சர்'னு சொல்லிட்டு எதிர்ல உக்காந்துட்டாங்க. இல்லைன்னு எப்படி சார் முகத்துக்கு நேரா சொல்றது? சரி, மாஸ்டர் வர்ற வரைக்கும்னு ஆரம்பிச்சேன். அவர் வரவே இல்லை."

குமாஸ்தா திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வாரமாக இந்த அறையில் பின்னல் கற்க வந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது அவருக்குப் புரிய ஆரம்பித்தது. ஒருவராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. தானும் திறக்கவில்லை என்பது அந்த ஆத்திரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப அந்த மாஸ்டர்தான் எங்கே போய்த் தொலைஞ்சார்?" என்று மேனேஜர் தமிழை மறந்து கத்தினார்.

மீசைக்காரர் கடைசிக் கண்ணியை இழுத்து இறுக்கி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, ஸ்டூலில் இருந்து எழுந்து கைகட்டி நின்றார்.

"உள்ளேன் ஐயா. அன்னிக்கு நான் வர்றதுக்குள்ள டீச்சரம்மா பாடம் ஆரம்பிச்சுட்டாங்க, நடுவுல எழுந்து சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."